திருப்பூரை மீட்கப் பெரிய ஆலைகள் போதுமா?

வாசகர் கேள்வி, 3 செப்டம்பர் 2025

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்துவிட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. என் கருத்து இது: துணி பின்னும் நிட்டிங் ஒரு தெருவில், சாயம் இன்னொரு ஊரில், தையல் வேறொரு சந்தில் என்று நூறு கைகளில் வேலை சிதறிக் கிடப்பதுதான் இந்த ஊரின் நோய். நூல் முதல் அட்டைப்பெட்டி வரை ஒரே கூரையின் கீழ் செய்யும் பத்துப் பெரிய ஆலைகளை நிலமும் சலுகையும் கொடுத்து அரசு கொண்டுவந்தால் ஒழிய இந்த நகரம் இனி எழாது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 செப்டம்பர் 2025

மறுக்கிறேன். 14 மெஷின் வைத்து, பிறருடைய துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் அலகு நடத்துகிறேன். அதற்கு முன்பு, வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் விழுந்ததையும் எழுந்ததையும் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே பார்த்தவன் என்பதால், உங்கள் கேள்விக்கும் அதன் வழியாகவே பதில் சொல்கிறேன்.

திருப்பூர் இதற்கு முன்பு முழுதாக நின்றுபோனது 2011-இல். அந்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி வந்த உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அன்று எங்கள் பட்டறையில் வின்ச் என்ற சாயத் தொட்டிகளில் பாதி ஏறிய சாயத்தோடு துணி கிடந்தது. இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் புத்தகங்களை எடுக்கப் போனபோது, தொட்டியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த உப்புதான் நொய்யல் ஆற்றுக்குள் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு என்று கட்டப்பட்டு, கடைசியில் எங்கள் சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகளின் தென்னையும் கிணறும் கெட்டதற்கு நாங்கள்தான் காரணம். இதில் வாதத்துக்கு இடமே இல்லை.

அப்போது மீண்டது எப்படி என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. புதிதாகப் பெரிய ஆலை எதுவும் வந்து இந்த ஊரை மீட்கவில்லை. நிட்டிங்காரர் துணியை லாரி ஏற்றி வெளியூருக்குச் சாயத்துக்கு அனுப்பினார். துணி பத்து நாள் தாமதமாக வந்தாலும் தையல்காரர் இரவு ஷிப்ட் போட்டுத் தைத்தார். அயர்ன்காரர் கூலியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சங்கிலியில் இருந்த ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடன் கொடுத்தார்கள். இன்று அந்தக் கடன்தான் ஊரின் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

6 செப்டம்பர் 2025, காலை

ஒரு திருத்தம். மேலே "வந்த உத்தரவால்" என்று மட்டும் எழுதிவிட்டேன். அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு என்று இரண்டு பேர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து கெடு விதித்தது. கெடு தாண்டியும் உப்புநீர் ஆற்றில் ஓடியதால்தான் 2011-இல் மூடச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் அவகாசம் இருந்தும் கடைசி நாள் வரை "எப்படியாவது தள்ளிப்போகும்" என்று நம்பியது எங்கள் தொழில். அப்போது நானும் அதை நம்பியவன்.

6 செப்டம்பர் 2025, இரவு

இன்று சனிக்கிழமை, சம்பள நாள். திருப்பூரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே டெய்லருக்கும், துணி மடித்துக் கொடுத்து உதவும் கைமடிக்கும், செக்கிங் பெண்களுக்கும் கூலி வாராவாரம் சனிக்கிழமை மாலையில் கொடுத்தாக வேண்டும். மழை பெய்தாலும், மின்சாரம் நின்றாலும், பில் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். காதர்பேட்டை, புஷ்பா தியேட்டர் பக்கமெல்லாம் சனிக்கிழமை இரவில் நடந்து பாருங்கள். மளிகைக் கடை, பரோட்டாக் கடை, செல்போன் கடை, வடக்கே பணம் அனுப்பும் கடை என்று எல்லா இடத்திலும் அந்தக் கூலிதான் ஓடும். ஊரின் பொருளாதாரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

எனக்குத் தைக்கக் கொடுக்கும் கம்பெனி பில்லுக்கு 90 நாளில் பணம் தருகிறது. 90 நாள் என்றால் ஏறத்தாழ 13 சனிக்கிழமைகள். அதாவது, தைத்துக் கொடுத்த துணிக்கு ஒரு ரூபாய்கூட வராமல் 13 முறை நான் கூலி கொடுக்க வேண்டும். வங்கியில் அடமானம் வைக்க என்னிடம் வேறு சொத்து இல்லை. மெஷின்கள் ஏற்கெனவே கடனில் இருக்கின்றன. ஆகவே வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறேன். 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்றால் மூன்று மாதத்துக்கு 6 ரூபாய். கூலி, நூல், ஊசி, மின்கட்டணம், வாடகை எல்லாம் போக என் கையில் 100-க்கு 8 ரூபாய் நின்றால் அது நல்ல மாதம். அந்த 8-இல் 6 வட்டிக்குப் போகிறது. மீதி 2 ரூபாயில் நான் புது மெஷின் வாங்க வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், 50 சதவீத வரியையும் தாங்க வேண்டும்.

பத்துப் பெரிய ஆலை வந்தாலும் அவை எனக்கு 90 நாள் கெடு வைத்தால் என் நிலை மாறாது. பெரிய ஆலை வராவிட்டாலும் இன்றிருக்கும் கம்பெனிகள் 30 நாளில் பணம் கொடுத்தால், அந்த 6 ரூபாயில் 4 ரூபாய் நாளையே என் கையில் நிற்கும். இதற்கு அரசு ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க வேண்டியதில்லை.

8 செப்டம்பர் 2025

"பெரிய ஆலை வந்தால் சாயக்கழிவையாவது ஒழுங்காகச் சுத்திகரிக்குமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் திருப்பூரில் நடந்தது வேறு.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ளுவதே அதன் வேலை; அது துணியில் தங்குவதில்லை, போட்ட உப்பு அப்படியே கழிவோடு வெளியே வரும். ஆர்.ஓ. (சவ்வு வழியே வடிகட்டும் இயந்திரம்) வைத்தால் தண்ணீரைப் பெரும்பகுதி மீட்டுவிடலாம். மிஞ்சும் கெட்டியான உப்புநீரை என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் சறுக்கினார்கள். அதைக் காய்ச்சி வற்ற வைக்க நிறுவிய ஆவியாக்கிகள் எரிபொருளைத் தின்று, அடிக்கடி அடைத்து, பாதித் திறனில்கூட ஓடவில்லை. பிறகுதான் வழி பிறந்தது: அந்த உப்புநீரை முழுவதும் வற்ற வைக்காமல், நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, கரைசலாகவே திரும்பச் சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். சாயத்துக்கு எப்படியும் உப்புக் கரைசல்தானே தேவை. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இது ஓடிக் காட்டியதும், மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. இந்த நிலையங்களுக்கென்று 2011-இல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது "பொது" என்ற சொல். தனியாக ஆர்.ஓ. வைக்க வசதியில்லாத சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரு நிலையத்துக்குக் குழாய் போட்டு, தங்கள் பங்குக்குத் தங்கள் கடனைத் தாங்களே சுமந்து கட்டியவை அவை. சிதறிக் கிடந்தவர்கள் சேர்ந்துதான் இந்தியாவின் வேறு ஜவுளி ஊர்கள் பார்த்துப் போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். பட்டறைகளில் வின்ச் போய், குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்ததும் இந்த நெருக்கடியால்தான். ஒரு கிலோ துணிக்குச் செலவாகும் தண்ணீரின் அளவு குறைய, சுத்திகரிப்புக் கட்டணமும் குறைந்தது.

சுத்திகரிப்பில் மிஞ்சும் கலவை உப்பும் சேறும் மூட்டை மூட்டையாக நிலையங்களில் அடுக்கிக் கிடப்பதும் உண்மைதான். முழுவதும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

13 செப்டம்பர் 2025

ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை வைத்து ஒருவர் எனக்கு மறுப்பு எழுதியிருக்கிறார். 2010-11-இல் சுமார் 12,500 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆகியிருக்கிறது, மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்த ஊரில் யாருக்கு என்ன குறை என்கிறார்.

கணக்கு எழுதிய பழக்கத்தில் அதை டாலரில் போட்டுப் பார்த்தேன். 2010-11-இல் டாலர் சராசரியாக 45 ரூபாய்ச் சொச்சம். 2024-25-இல் 84 ரூபாய்ச் சொச்சம். அப்படிப் பார்த்தால் சுமார் 270 கோடி டாலர், 470 கோடி டாலர் ஆகியிருக்கிறது. மூன்று மடங்கு என்பது ஒன்றே முக்கால் மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 14 ஆண்டுகளில் அது மோசமில்லை. ஆனால் ரூபாய்க் கணக்கு காட்டும் கொண்டாட்டமும் இல்லை. இதே 14 ஆண்டுகளில் என் பீஸ் ரேட் (ஒரு பீஸ் தைக்க எனக்குக் கிடைக்கும் தொகை) எவ்வளவு ஏறியது என்று பழைய பில் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டேன். தைத்த துணி வகைகள் மாறிவிட்டதால் நேர் ஒப்பீடு கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே ஒப்பீடு, வட்டக் கழுத்து அரைக்கை டி-ஷர்ட். அது இரண்டு மடங்கைத் தொடவில்லை. டெய்லர் கூலியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. டெய்லருக்கு அது ஏறத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. இடையில் நிற்பவன் நசுங்குகிறான் என்பதைத்தான் சொல்கிறேன்.

14 செப்டம்பர் 2025

ஒன்று விட்டுப்போயிற்று. ஊர் ஏன் இப்படிச் சிறு சிறு அலகுகளாகச் சிதறியது என்ற கேள்விக்கு என் தகப்பனார் எப்போதும் 1984-ஐச் சொல்வார். அந்த ஆண்டு பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு பெரிய கம்பெனிகள் ஒரே கூரையின் கீழ் ஆள் சேர்ப்பதைக் குறைத்து, வேலையைப் பிரித்து வெளியே கொடுக்கத் தொடங்கின. அப்படி வெளியே வந்த வேலையை எடுத்து நடத்தியவர்களில் பலர் அதே கம்பெனிகளில் தையலும் கட்டிங்கும் செய்தவர்கள். என் தகப்பனாரும் அப்படி ஒருவர். நான்கு மெஷினில் தொடங்கினார்.

ஆகவே ஒரே கூரை என்பது திருப்பூர் அறியாத புதிய யோசனை இல்லை. இருந்து, பார்த்து, விட்டது. கேள்வி கேட்டவர் இதை அறிந்திருக்க நியாயமில்லை. நானே முதல் பதிலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

23 செப்டம்பர் 2025

நேற்று முதல் ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம். செயற்கை இழைக்கும் செயற்கை நூலுக்கும் 5 சதவீதம். இதுவரை இழைக்கு 18, நூலுக்கு 12 இருந்தது. உள்நாட்டுக்குத் தைப்பவர்களுக்கு நல்ல செய்தி. பண்டிகைக்கு முன்பு வந்ததால் உள்நாட்டு மொத்த விற்பனை நடக்கும் காதர்பேட்டையில் கொஞ்சம் அசைவு தெரிகிறது.

எனக்கு இதில் வேறொரு நம்பிக்கை இருக்கிறது. திருப்பூர் பருத்தியிலேயே ஊறிய ஊர். வெளிநாட்டில் விளையாட்டு உடை, உடற்பயிற்சி உடை எல்லாம் பாலியஸ்டரில் போகின்றன. அந்தச் சந்தையில் நாம் பின்தங்கியிருப்பதற்கு இழை வரியும் ஒரு காரணம். அது இப்போது குறைந்துவிட்டது. இன்னொன்று: பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு உப்பே வேண்டாம். 130 டிகிரிச் சூட்டில் அழுத்தத்தோடு ஓடும் மெஷின் வேண்டும், நிறம் அடர்த்தியாக இருந்தால் பின்கழுவல் வேண்டும். ஆனால் நொய்யலைக் கொன்ற உப்பு அந்தக் கழிவில் வராது. சாயப்பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்த மெஷினுக்கு முதல் போட வேண்டியது யார்? மறுபடியும் 13 சனிக்கிழமைகளிடமே வந்து நிற்கிறோம்.

27 செப்டம்பர் 2025

"45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, ஏன் புலம்புகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு.

இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் குறு, சிறு தொழில்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஒருவரை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. கேட்டால் வட்டி வரலாம். அடுத்த ஆர்டர் வராது.

வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். 2023-24 கணக்காண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். கெஞ்சுவதற்குப் பதிலாக வரியே நமக்காகப் பேசும் என்று நினைத்தேன். 2024 மார்ச் கடைசி வாரத்தில் வராத நிலுவையெல்லாம் வந்தது. எங்கள் தெருவில் அந்த வாரம் பல வீடுகளில் கடன் அடைந்தது.

28 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அரைக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சட்டம் உறைப்பது மார்ச் 31-ஆம் தேதி மட்டுமே. ஏப்ரலில் போட்ட பில்லுக்கு எட்டு மாதம் கழித்து டிசம்பரில் பணம் கொடுத்தாலும், அதே கணக்காண்டுக்குள் கொடுத்துவிட்டதால் கம்பெனிக்கு வரியில் ஒரு நட்டமும் இல்லை. ஆகவே ஆண்டில் ஒரு வாரம் பணம் வெள்ளமாக வருகிறது. ஏப்ரல் பிறந்ததும் பழையபடி 90 நாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024-இல் ஒரு கம்பெனியின் கணக்கர் என்னைக் கூப்பிட்டு, பில்லில் உத்யம் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) எண்ணைப் போட வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார். எண் இல்லையென்றால் நான் சட்டத்தின் கண்ணில் சிறுதொழில் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எண்ணோடுதான் பில் போட்டேன். அந்தக் கம்பெனியிலிருந்து அடுத்த நான்கு மாதம் துணியோடு வரும் டெலிவரி சீட்டு (டி.சி.) ஒன்றுகூட வரவில்லை. பிறகு அவசர ஆர்டருக்கு ஆள் கிடைக்காமல் அவர்களே வந்தார்கள். எனக்குப் பிள்ளையின் கல்விக் கட்டணம் கட்டும் மாதமாக அது இருந்திருந்தால் எண்ணை எடுத்திருப்பேன். எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

5 அக்டோபர் 2025

டெபிட் நோட்டை (சேதம் என்று சொல்லிப் பில்லில் பணம் பிடிக்கும் தாளை) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி திரும்பிப் போய் மூன்று மாதம் கழித்து, பணம் கேட்கும்போது, "இத்தனை பீஸ் டேமேஜ்" என்று ஒரு தாள் வரும். டேமேஜ் பீஸைக் கண்ணால் பார்க்க முடியாது, அது எப்போதோ போய்விட்டிருக்கும். துணியிலேயே ஓட்டை இருந்ததா, துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் காம்பாக்டிங்கில் வந்ததா, என் டெய்லரின் ஊசி கடித்ததா என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று நாளில் செக்கிங் முடித்து, பீஸோடு காட்டினால் நான் ஒப்புக்கொள்வேன். 90 நாள் கெடுவின் இன்னொரு கேடு இது: தவறு யாருடையது என்று காட்டும் சாட்சி அதற்குள் அழிந்துவிடுகிறது.

18 அக்டோபர் 2025

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. போனஸும் வாரக் கூலியும் சேர்ந்து கொடுத்து முடித்தபோது இரவு 10 மணி ஆகிவிட்டது. என்னிடம் வேலை செய்யும் 19 பேரில் 8 பேர் பீகார்க்காரர்கள். தீபாவளி, சத் பூஜை, அதன் பிறகு நவம்பர் 6, 11 தேதிகளில் அங்கே சட்டமன்றத் தேர்தல். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவோம் என்று ரயில் ஏறினார்கள். திரும்பி வருவார்களா என்பது அவர்கள் வரும்போது இங்கே ஆர்டர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அமெரிக்க ஆர்டரில் தைத்துக்கொண்டிருந்த ஒரு லைன் செப்டம்பர் நடுவிலிருந்து நின்றுவிட்டது. வாங்குபவர் 50 சதவீத வரியில் ஒரு பங்கைக் கம்பெனி தலையில் போட, கம்பெனி அதில் ஒரு பங்கை பீஸ் ரேட்டில் என்னிடம் கேட்கிறது. பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னார்கள். 30 நாளில் பணம் தருவதானால் குறைக்கிறேன் என்றேன். பதில் வரவில்லை.

இன்று நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு அயர்ன்காரர் வந்தார். என்னிடம் மட்டுமில்லாமல் நான்கைந்து அலகுகளுக்கு அயர்னிங் எடுத்துச் செய்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பால்பாயின்ட் பேனாவில் தேதி, பீஸ், தொகை. தொகை வந்ததற்கு எதிரே ஒரு சுழி. நீராவி பட்டுத் தாள்கள் அலை அலையாக வளைந்திருந்தன. என் பெயர் எழுதிய பக்கத்தில் ஜூலை 19-க்குப் பிறகு சுழியே இல்லை. ஜூலை 19-இலிருந்து அக்டோபர் 18 வரை எண்ணினேன். 13 சனிக்கிழமைகள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணா, பார்த்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றரை மாதமாக இங்கே மேலே இருப்பவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கீழே ஒருவர் இருப்பதும், அவருக்கும் யாரிடமோ இரண்டு ரூபாய் வட்டிக் கணக்கு ஓடுவதும் எனக்கு நினைவில் இல்லாமல் போய்விட்டது. கையில் இருந்ததில் பாதி நிலுவையைக் கொடுத்தேன்.

2 நவம்பர் 2025

முதல் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். "உங்கள் சொந்த அனுபவத்தை ஊர் முழுவதற்கும் பொருத்துகிறீர்கள், நாளைக்கே பிரிட்டன் ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் பெரிய அளவு ஆர்டரைச் சிறு அலகுகளால் எடுக்க முடியுமா?" என்கிறார்.

ஜூலை 24-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால், நம் ஆடைகளுக்கு அங்கே இருக்கும் 9.6 சதவீத வரி போய்விடும். வங்கதேசம் வரியில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்த சந்தையில் நாமும் சமமாக நிற்கலாம். அளவு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே நிறத்தில் ஐந்து லட்சம் பீஸ் கேட்டால் 14 மெஷின் அலகுகள் இருபதில் பிரித்துத் தைப்பதில் தையல் அளவு மாறும், நிறத்தில் ஷேட் மாறும். அந்த வேலைக்குப் பெரிய ஆலைகள் வரட்டும், நான் எதிர்க்கவில்லை. இதை முதல் பதிலிலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம், அப்போது கோபத்தில் எழுதினேன்.

ஆனால் சின்ன ஆர்டர்கள் இருக்கின்றன. 2,000 பீஸ், நான்கு நிறம், மூன்று வாரத்தில் வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து கேட்கிறார்கள். அதைப் பெரிய ஆலை தொடாது. லைனை மாற்றும் செலவு கட்டாது. திருப்பூரில் காலையில் சாம்பிளைக் கொடுத்தால், பட்டன் ஒரு தெருவில், எம்பிராய்டரி ஒரு தெருவில், லேபிள் ஒரு தெருவில் வாங்கி மாலைக்குள் தைத்துக் காட்டிவிடுவோம். அந்த வேகத்தின் அடிப்படை, சங்கிலியில் உள்ளவர்கள் உயிரோடு இருப்பது. ஒரு அயர்ன்காரர் தொழிலை விட்டுப் போனால் ஐந்து அலகுகளில் பெட்டி கட்டுவது நிற்கும்.

15 நவம்பர் 2025

ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் தரும் திட்டத்துக்கு இந்த வாரம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நல்லது. அந்தக் கடனை எடுக்கும் கம்பெனி, அதில் ஒரு பகுதியை ஜாப் ஒர்க் நிலுவைக்கு 30 நாளுக்குள் கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், இந்தப் பதில்களில் நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், சிறுதொழில்களின் பில்லை வங்கிகள் வாங்கி முன்பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் கம்பெனிகள்தான் எங்கள் தெருவுக்கு வேலை கொடுப்பவை. வரம்பைக் கீழே கொண்டுவந்தால் என் பில்லையும் வங்கி வாங்கிக்கொள்ளும். கம்பெனியின் நாணயத்தின் பேரில் எனக்கு முன்பணம் கிடைக்கும்.

8 பேரில் 5 பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மற்ற மூவரும் 20-ஆம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்திருப்பதாக போனில் சொன்னார்கள்.

பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்ன கம்பெனியிலிருந்து நேற்று ஆள் வந்தார். 45 நாள் தருகிறோம், அரை ரூபாய் குறையுங்கள் என்கிறார்கள். 13 சனிக்கிழமைகள் 6 சனிக்கிழமைகள் ஆகும். எழுத்தில் கொடுங்கள், டெபிட் நோட் என்றால் ஏழு நாளுக்குள் டேமேஜ் பீஸோடு வர வேண்டும் என்பதையும் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை தாள் வரும் என்றார்.

இன்று சனிக்கிழமை. அயர்ன்காரரின் மீதி நிலுவையைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னாலேயே சிட்டையை விரித்து, ஜூலையிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே சுழி போட்டார். கடைசிச் சுழியைப் போட்டுவிட்டு, புதிய பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி, "இன்னிக்கு எத்தனை பீஸ் அண்ணா?" என்று கேட்டார். 640 பீஸ் என்று எழுதிக்கொண்டு எடுத்துப் போயிருக்கிறார்.